கால்வளையமும் கரண்டிமூக்கும்

1957-இன் கோடைத் தொடக்கத்தில், அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்ற காட்டுப் பகுதியில் குரங்குகள் செத்து விழத் தொடங்கின. அடுத்து காட்டோர கிராமங்களில் மனிதர்களுக்குக் கடும் காய்ச்சல், ரத்தக் கசிவு, சாவு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு புனேயில் 1952-ல் தொடங்கப்பட்டிருந்த வைரஸ் ஆய்வு மையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். உண்ணிகள் வழியாகப் பரவும் ஒரு புதிய வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அதன் உறவுமுறையைத் தேடிப் பார்த்தபோது ஒரு விசித்திரம். ரஷ்யக் காடுகளில் வசந்தகாலத்தில் வரும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு இது பங்காளி.

சைபீரியாவின் பங்காளி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு எப்படி வந்தான்? விசா வாங்காமல் வருடா வருடம் வந்து போகிறவர்கள் பறவைகள்தான். அவற்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு உண்ணிகள் வந்திருக்கலாம் என்றொரு ஊகம் எழுந்தது.

இந்தக் காய்ச்சலுக்கும் தஞ்சைப் பக்கத்துக் கோடியக்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஒவ்வொரு தை மாதமும் நண்பர்கள் நாலு பேர் சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்துக் கோடியக்கரைக்குப் போகிறோம். பைனாகுலர், ஒரு பழைய ஸ்பாட்டிங் ஸ்கோப், முறுக்கு. அபூர்வமான கரைப்பறவை ஏதாவது கண்ணில் படாதா என்ற நப்பாசை. எங்கள் பையில் இருக்கும் கையேடுகளில் கோடியக்கரை பற்றிச் சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துப் பின்னால் போனால், அந்தச் செத்த குரங்குகளிடம் போய் நிற்கிறோம்.

பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் முறையை 1899-ல் டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் மார்டென்சன் தொடங்கினார். இந்தியாவிலும் அதைப் பெரிய அளவில் செய்ய வேண்டும் என்பது சாலிம் அலியின் நெடுநாள் ஆசை. ஆசை இருந்தது, காசு இல்லை. அறிவியலில் இது பழைய கதைதான். கியாசனூர்க் காய்ச்சல் வந்ததும் உலக சுகாதார நிறுவனத்துக்குப் பறவைகள்மேல் திடீர் அக்கறை பிறந்தது. 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வலசைத் திட்டத்துக்கு அது பணம் கொடுத்தது. பறவையைப் பிடி, உண்ணியைச் சேகரி, வளையம் மாட்டு, விடு.

அறுபதுகளில் இன்னொரு புரவலர் சேர்ந்தார். அமெரிக்க ராணுவம். எலியட் மெக்லூர் என்ற அமெரிக்கரின் தலைமையில் 1963-லிருந்து 1971 வரை, ஜப்பான், கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா என்று ஆசியாவின் கிழக்கு விளிம்பு முழுக்க ஒரு வளையமிடும் திட்டம் நடந்தது. 'வலசை விலங்குகளின் நோய்க்கூறு ஆய்வு' என்பது போல அதற்கு ஒரு அலுவலகப் பெயர். பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் போட்டார்கள். இந்தியக் கண்ணி பம்பாய்க் கழகம். பரத்பூர், கட்ச், கோடியக்கரை ஆகிய இடங்களில் வலைகள் விரிந்தன.

சாஃப்ட்வேர்காரனாக எனக்கு அந்த வளையத்தின் வடிவமைப்புமேல் ஒரு பொறாமை உண்டு. சின்ன உலோகத் துண்டு. அதில் ஒரு எண், 'பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்' என்ற பொருளில் ஒரு ஆங்கில வாசகம். அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, சர்வர் கிடையாது. ஒரு முனையில் கோடியக்கரைச் சேற்றில் ஒரு நோட்டுப் புத்தகம், மறுமுனையில் சைபீரியாவில் எவனோ ஒரு வேட்டைக்காரனின் நல்ல மனசு. நடுவில் தபால்துறை. நாங்கள் எழுதும் எந்த நிரலும் மனிதர்களின் நல்ல மனசை இப்படி நம்பிக் களத்தில் இறங்காது.

இனி ஊருக்கு வருவோம்.

வரைபடத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, ஓரிடத்தில் சட்டென்று மேற்கே மடங்கும். அந்த முழங்கைதான் கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, அதற்கு அப்பால் யாழ்ப்பாணம். முனைக்கு மேற்கே வேதாரண்யம் சதுப்புநிலம் விரிந்து கிடக்கிறது. காவிரியின் கிளைகள் பிரிந்து பிரிந்து, வயல் வயலாகப் பாய்ந்து, கடைசியில் அடப்பாறு, வளவனாறு என்ற பெயர்களில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடித்துவிடுகிற இடம். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி துரத்தி வருகிறவர்களைப் புதைசேற்றில் சிக்கவைக்கும் கோடிக்கரை இதுதான். 2022-ல் படம் வந்த பிறகு வருகிற சிலர் "புதைகுழி எங்கே இருக்கு?" என்று முதலில் கேட்கிறார்கள். சேறு இன்னும் இருக்கிறது. செருப்பு போனால் திரும்பாது.

இங்கே கடலின் ஏற்ற இறக்கம் குறைவு. சதுப்பில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் காற்றும் ஐப்பசி மழையும் முடிவு செய்கின்றன. காற்று ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் மைல்கணக்கில் சேறு திறக்கும். அந்தச் சேற்றில் புழு, சின்னச் சிப்பி, கூனி. ஆர்க்டிக் ஓரத்திலிருந்து வரும் உள்ளான்களுக்கு அதுதான் பந்தி. பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, ஆலா எல்லாம் வரும். காட்டுக்குள் ஆறுமணிக் குருவியும் வரும். ஆனால் எண்ணிக்கையில் இந்த இடத்தின் உண்மையான குடிமக்கள் கைக்குள் அடங்கும் குட்டி உள்ளான்கள்தான்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு உள்ளான் என்றால் வேறு ஞாபகம் வரும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் சாலையோரத்தில் மடையானும் உள்ளானும் கட்டித் தொங்கவிட்டு விற்ற காலம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். "கொஞ்சூண்டு கறிதான் இருக்கும், ஆனா அந்த ருசி வராதுடா" என்பார் என் பெரியப்பா. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. விற்பனை ஒரேயடியாக ஒழிந்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

பறவையைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் வேட்டைக்காரர்கள்தான் என்பது சாலிம் அலிக்கும் தெரியும். அதனால் பீகாரிலிருந்து மிர்ஷிகார்களை அழைத்துவந்தார்கள். நவாபுகளுக்கும் ஜமீன்களுக்கும் பரம்பரையாகப் பறவை பிடித்துக் கொடுத்த சமூகம். பறவையின் ஒரு இறகு உதிராமல் பிடிக்கும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. அவர்களில் அலி ஹுசைனின் பெயர் பறவையியலாளர்களிடையே இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. மற்றவர்களின் பெயர்களைத் தேட ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்க நன்றியுரைகளுக்குப் போக வேண்டியிருக்கிறது, அங்கேயும் எல்லாரும் இருப்பதில்லை. கையெழுத்துப் போட்டவர் விஞ்ஞானி, கையில் பிடித்தவர் உதவியாளர். இது எனக்கு உறுத்துகிறது.

வளையக் கதையின் மறுபக்கத்தை கோடியக்காட்டில் டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் சொன்னார். சின்ன வயதில் அவர் வீட்டுக்கு வந்த ஒரு உள்ளானின் காலில் வளையம் இருந்திருக்கிறது. "இங்கிலீசு எழுத்து போட்டிருந்திச்சு தம்பி. படிக்கத் தெரிஞ்ச ஆளு இல்ல. சர்க்காரு குருவியாச்சே, தின்னுட்டோம்னு தெரிஞ்சா புடிச்சிக்கிட்டுப் போயிருவான்னு அம்மாவுக்குப் பயம்." என்ன செய்தீர்கள் என்றேன். "எந் தம்பி அரைஞாண் கயித்துல கோத்துவிட்டுச்சு. காத்து கருப்பு அண்டாதுன்னு." எங்கோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு எண்ணுக்கு எதிரே மறுமுனை காலியாகவே இருக்கும். பறவை போய்ச் சேர்ந்தது ஒரு குழந்தையின் இடுப்புக்கு.

*

சந்தேகம் 1974-ல் வெடித்தது. அந்த வருடம் பி.டி.ஐ செய்தி நிறுவனம் ஒரு கேள்வியைக் கிளப்பியது. டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்கப் பணத்தில் கொசுக்களின் மரபணுக் கட்டுப்பாட்டு ஆய்வு நடத்திக்கொண்டிருந்தன. மஞ்சள் காய்ச்சல் பரப்பக்கூடிய கொசுவை வைத்து ஏன் இந்தியாவில் ஆய்வு? இங்கே அந்த நோயே இல்லையே? விவகாரம் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போனது. ஜோதிர்மய் பாசு தலைமையிலான அந்தக் குழு 1975-ல் கொடுத்த 167-ஆவது அறிக்கை, வெளிநாட்டுக் கூட்டுறவில் நடந்த ஆய்வுகளைக் கிழித்துப் போட்டது. கொசுவோடு பறவையும் மாட்டியது. எந்தப் பறவை எந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு எந்த மாதம் எங்கே போகிறது என்ற தகவல், கிருமிப் போருக்குத் திட்டமிடும் ஒரு ராணுவத்துக்கு எவ்வளவு உபயோகமானது என்று யோசித்துப் பாருங்கள்.

இதை வெறும் பிரமை என்று தள்ள முடியாது. பசிபிக் தீவுகளில் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்திய பறவை ஆய்வுக்கும் அமெரிக்க ராணுவத்தின் கிருமிப் போர் ஆய்வுக்கும் இருந்த பணத் தொடர்பு 1969-லேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் அடிபட்டது. சாலிம் அலியோடு சேர்ந்து இந்தியப் பறவைகள் பற்றிய பத்துத் தொகுதிகளை எழுதிய டில்லான் ரிப்ளி, அதே ஸ்மித்சோனியனின் தலைவர். இரண்டாம் உலகப்போரில் சி.ஐ.ஏ-வின் முன்னோடியான உளவு அமைப்பில் வேலை பார்த்தவரும்கூட. புள்ளிகளை இணைக்க நினைக்கிறவனுக்குப் புள்ளிகள் தாராளமாகக் கிடைத்தன. திட்டத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை என்பது சாலிம் அலியின் நிலைப்பாடு.

நான் எந்தக் கட்சி? குழு கேட்ட கேள்வி சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். யாருடைய பணம், தகவல் யாருக்குப் போகிறது, நமக்கு என்ன மிஞ்சும் என்று இன்று நம் ஃபோனில் இருக்கும் ஒவ்வொரு செயலியைப் பார்த்தும் கேட்க வேண்டிய கேள்வி அது. அதே சமயம், அந்த ராணுவப் பணம் வராமல் இருந்திருந்தால் கோடியக்கரைச் சேற்றில் அந்தக் காலத்தில் வலை கட்டி உட்கார வேறு யாரும் வந்திருக்க மாட்டார்கள். இரண்டையும் ஒன்றாகத் தலையில் வைத்துக்கொள்வது சிரமம்தான். கியாசனூர்க் காய்ச்சலைச் சைபீரியப் பறவைகள் கொண்டுவந்தன என்பது மட்டும் கடைசிவரை நிறுவப்படவில்லை. அந்த வைரஸ் காட்டிலேயே நெடுங்காலமாக இருந்திருக்க வேண்டும், காட்டை நாம் வெட்டி உள்ளே போனபோது நம்மைச் சந்தித்தது என்பதே பின்னால் வலுப்பெற்ற பார்வை. பறவைகள்மேல் போட்ட வழக்கு தள்ளுபடி. ஆனால் வழக்குக்காகச் சேர்த்த கோப்புகள் பாக்கி.

எண்பதுகளில் மறுபடியும் அமெரிக்கப் பணமே வந்தது. இந்த முறை ராணுவத்திடமிருந்து இல்லை, அவர்களுடைய மீன்-வனவிலங்குத் துறையிடமிருந்து. ஐம்பது, அறுபதுகளில் பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமையை இறக்குமதி செய்து அதற்கு ரூபாயில் விலை கொடுத்தோமே, அப்படி இந்தியாவிலேயே குவிந்து கிடந்த பணத்திலிருந்து இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குக் கொடுத்தார்கள். நெல் விளையும் டெல்டாவின் கடைசி ஓரத்தில் பறவை எண்ணுவதற்குக் கோதுமைக் காசு! இலங்கைத் தமிழ்ப் போராளிகளும் அகதிகளும் படகில் வந்திறங்கிய அதே கரையில், அதே வருடங்களில், பம்பாய்க் கழகத்தின் இளம் ஆய்வாளர்கள் ராத்திரி பகலாக வலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த ஆர். சுகதன், சாலிம் அலியின் மாணவர். பின்னாளில் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தோடு பெயர் ஒட்டிப்போனவர். 1985-ல் கழகத்தின் ஆய்விதழில் அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. குளிர்கால வாழிடத்தில் கரண்டிமூக்கு உள்ளானைக் கவனித்ததைப் பற்றியது. வாழிடத்தின் முகவரி தலைப்பிலேயே இருக்கிறது: கோடியக்கரை, தஞ்சாவூர் மாவட்டம். நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1991-ல்தான். உலகின் மிக அரிய கரைப்பறவைகளில் ஒன்று ஒரு காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவாசி.

சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். நீளம் 14-லிருந்து 16 சென்டிமீட்டர். அலகின் நுனி மட்டும் சின்ன மோர்க்கரண்டி மாதிரி தட்டையாக விரிந்திருக்கும். லின்னேயஸ் 1758-ல் இதற்குப் பெயர் வைத்தபோது, அலகைப் பார்த்துவிட்டுக் கரண்டிவாயன் குடும்பத்தில் சேர்த்துவிட்டார். போதாக்குறைக்கு ஊர் தென்னமெரிக்காவின் சூரினாம் என்றும் எழுதிவைத்தார். உண்மையில் இது முட்டையிடுவது ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், சுக்கோட்கா கடற்கரையோரம். குளிர் தொடங்கியதும் கொரியா, சீனாவின் மஞ்சள் கடல் சேற்றில் இறங்கித் தின்று கொழுத்து, அங்கிருந்து மியான்மர், வங்கதேசம், தாய்லாந்து வரும். கோடியக்கரை அதன் பாதையின் தென்மேற்கு ஓரம். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை சில நூறு. 2008-லிருந்து மிக அருகிய இனம் என்ற பட்டியலில் இருக்கிறது. 2006-ல் கொரியாவின் செமாங்கும் கழிமுகத்தைத் தடுப்புச்சுவர் கட்டி அடைத்தார்கள். பாதையில் இருந்த பெரிய சத்திரம் ஒன்றை இழுத்து மூடியது போல. 2011-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கடைசி முயற்சியாகச் சுக்கோட்காவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுபோய் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் வளர்க்கத் தொடங்கினார்கள்.

நாங்கள் தேடிப் போவது இதைத்தான். கொசு உள்ளான் கூட்டத்தில் ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பக்கவாட்டில் நின்றால் கரண்டி தெரியாது, நேரே திரும்ப வேண்டும். நூறு மீட்டர் தள்ளி, கானல் நடுங்கும் வெளிச்சத்தில் எல்லா மூக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை கரண்டியாகத் தெரியும். நண்பன் ஒருவன் இதை 'தை மாசக் காமாலை' என்பான்.

அரிய பறவை தேடுகிறவர்களிடம் ஒரு கோளாறு உண்டு, எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்றைத் தேடும் கண்ணுக்கு மற்ற ஆயிரம் வெறும் இரைச்சல். கோடியக்கரையின் பெரிய இழப்பு அந்த இரைச்சலில்தான் நடந்திருக்கிறது. பம்பாய்க் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் எண்பதுகளில் தொடங்கி வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் சேற்றில் கழித்தவர். கரைப்பறவைகள் ஒட்டுமொத்தமாகச் சரிந்துவிட்டன என்பதைத் தொடர்ந்து எழுதிவந்தவர் அவர். பத்துப் பறவை ஐந்தானால் பார்க்கிறவனுக்கே தெரியும். லட்சங்கள் ஆயிரங்களாகும்போது, இன்று முதல்முறை வருகிறவனுக்கு அந்த ஆயிரமே பிரமாண்டம். பழைய நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் இழப்பே தெரியாது. அந்த ராணுவக் காசையும் கோதுமைக் காசையும் நான் முழுதாகத் திட்ட முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

ஏன் குறைந்தன? உப்பு என்று உடனே சொல்வார்கள். வேதாரண்யத்துக்கு உப்பு புதிதில்லை. 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து கிளம்பிய ராஜாஜி, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானது இதே மண்ணில்தான். தாய்லாந்தில் கரண்டிமூக்கு உள்ளானைப் பார்க்க வேண்டுமென்றால் உப்பளத்துக்குத்தான் போக வேண்டும். பக் தலே என்ற ஊரில் அதற்காகவே அங்குள்ள பறவை அமைப்பு ஒரு உப்பளத்தை விலைக்கு வாங்கிப் பாதுகாக்கிறது. கணுக்கால் ஆழத் தண்ணீர் நிற்கும் சிறு பாத்திகள் உள்ளானுக்கு வயல் மாதிரி. சதுப்பையே வரப்பு கட்டி அடைத்து, ஆழமாக, கடலைவிடப் பல மடங்கு உப்பேறிய நீரைத் தேக்கும் பெரிய ஆலைகளின் கதை வேறு. அங்கே பூநாரை சமாளிக்கும். புழு செத்துப்போன சேற்றில் உள்ளானுக்கு வேலை இல்லை.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் எங்கள் ஊரில் அடிக்க வருவார்கள். நன்னீர். 1934-ல் மேட்டூர் அணை வந்தது, பிறகு மேலே இன்னும் அணைகள், வழக்குகள், தீர்ப்பாயம். டெல்டாவில் பிறந்த எவனும் கேட்டு வளர்ந்த ஒரு வாக்கியம், "தண்ணி வீணா கடல்ல போய்க் கலக்குது." சின்ன வயதில் எனக்கு அது வேதவாக்கு. கடலுக்குப் போகும் வழியில் அந்தத் தண்ணீர் வேதாரண்யம் சதுப்பின் உப்பைக் கழுவி, வண்டலைப் பரப்பி, புழுவுக்கும் இறாலுக்கும் உயிர் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. அது வராத வருடங்களில் சதுப்பு காய்ந்து உப்பு பூக்கிறது. இதை என் பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கடைமடைக்கே தண்ணி வரல, கொக்குக்கு எங்கேருந்து விடறது?" என்றார்.

அவர் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் கடைமடைக்காரர்கள். சதுப்பு அவர்களுக்கும் கீழே இருக்கும் கடைசி மடை. மடை மடையாகத் தண்ணீர் வந்து கடைசி சம்பா வயல் நிறைந்து வழிந்தால்தான் சேற்றுக்கு ஒரு வாய் கிடைக்கும். கடைசி விவசாயிக்குத் தண்ணீர் வராத வருடம் உள்ளானுக்கும் வருவதில்லை. தண்ணீர்ப் பங்கீடு பற்றிய பேச்சில் இருவரையும் எதிரெதிராக நிறுத்துவது சௌகரியம். கால்வாயின் வரைபடத்தில் பார்த்தால் இருவரும் ஒரே வரிசையின் வாலில் நிற்கிறார்கள்.

2002-ல் கோடியக்கரை ராம்சர் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமானது. 2004 ஆழிப்பேரலை சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தையும் கொண்டுபோனது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இங்கேதான் கரையேறியது. அந்த வருடம் தை மாதம் போனபோது காட்டு மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன, வழியெல்லாம் தென்னை முறிந்து கிடந்தது, யாரிடமும் பறவை பற்றிக் கேட்க வாய் வரவில்லை. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் விட்டார்கள்.

போன தையில் நாங்கள் போனது காலை ஆறரைக்கு. வனத்துறைக் காவலர் ஒருவர் கூட வந்தார். வாடைக்காற்று தண்ணீரைத் தெற்கே தள்ளியிருந்ததால் நல்ல சேறு. அரிய பறவை தேடுவதில்லை, எண்ணுவது மட்டும்தான் என்று முன்னாடியே பேசி வைத்திருந்தோம். 1987-லிருந்து ஆசியா முழுக்க ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேரும் என்பது ஒரு சாக்கு. ஒருவன் ஸ்கோப்பில் பத்துப் பத்தாகச் சொல்ல, நான் கோடு போட்டேன். கொசு உள்ளான் 340. வளைமூக்கு உள்ளான் 85. பெரிய பட்டாணி உள்ளான் 12. காவலர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் சார், எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, இதப் போயி எண்ணிக்கிட்டு" என்றார். பிறகு அவரே ஸ்கோப்பில் கண் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"அங்க இடது பக்கமா இன்னும் ஒரு முப்பது நிக்கிது, விட்டுட்டீங்க" என்றார். 370 என்று திருத்தினேன்.